கோட்டோரம்

வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல், தினமும் அயர்ன் செய்த சட்டையோடு கிளம்பி, சான் ஹோசே நகரத்துப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு ஹங்கேரிக்காரர் பழக்கமானார். ஒரு காலத்தில் தொழில்முறைக் கால்பந்தில் கோல் போடும் ஃபார்வர்டாக ஆடியவர். அந்த ஆட்ட வாழ்க்கை எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"முழங்கால் போச்சு. கடைசி சீசன் முழுக்க ஜெர்சியப் போட்டுக்கிட்டு மைதானத்துக்கு வெளிய, கோட்டோரமா வார்ம்-அப் பண்ணிக்கிட்டே இருந்தேன். யாரும் உள்ள கூப்பிடல. ஊர்ல இருந்த மனைவிகிட்ட மட்டும், நல்லா ஆடினேன்னு ஃபோன்ல சொல்வேன்" என்றார் ஆங்கிலத்தில்.

அப்போது என் ஃபோன் அடித்தது. மனைவிதான்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா, மீட்டிங்ல இருக்கேன்."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையிலும் சட்டையை அயர்ன் செய்தேன். யாரும் உள்ளே கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தேதான் போட்டுக்கொண்டேன்.