ஒன்பதாம் அறையின் ‘நல்ல சுகம்’

“ஹவ் ஆர் யூ?” என்று கேட்டுவிட்டு நிரஞ்சினி பதிலைக் காதால் மட்டும் வாங்குவதில்லை. திரைச்சீலையை இழுக்கிற சாக்கில் முகத்தைப் பார்க்கிறார். தேநீர்க் கோப்பையை நீட்டி, வாங்குகிற கை நடுங்குகிறதா என்று பார்க்கிறார். வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்துக் குறிக்கிறார். கையுறைப் பெட்டியிலிருந்து கிழித்த மட்டை.

டண்டினொங் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ரோவில் என்ற பக்கத்து ஊரிலிருந்து காலை ஆறரைக்கு வந்துவிடுவார். அவருடைய சப்பாத்து ஓசை கேட்டதும் பலர் பல்செட்டைத் தேடத் தொடங்குவார்கள்.

புலம்பெயர்ந்து வந்த புதிதில் ஆங்கில மரபுத்தொடர் அகராதி ஒன்று வாங்கினாராம். “கருத்தெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. ஆர் சொல்லினம் எண்டதைத்தான் போடேல்லை.”

அந்தக் குறையை மட்டை தீர்க்கிறது. பெயர் கிடையாது, அறை இலக்கம்தான். ஆறு: ‘நொட் டூ பேட்’ – நல்ல சுகம். பன்னிரண்டு: அதே ‘நொட் டூ பேட்’ – இரவு நித்திரை இல்லை. ஒன்பது: ‘கான்ட் கம்ப்ளெயின்’ – வழமையான முழங்கால் வலி.

“எங்கட ஆக்கள் தடிமன் காய்ச்சல் வந்தாலே சாகப்போறன் எண்டு ஊரைக் கூட்டுவினம். இதுகள் சாகக் கிடந்தாலும் நொட் டூ பேட் எண்டுங்கள்.”

ஒன்பதாம் அறைக்காரர் கென், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், நீரிழிவுக்காரர். கடந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர், “ஃபிட் ஆஸ் எ ஃபிடில்” என்றார். பூரண சுகம் என்று பொருள். நிரஞ்சினி நேரே நேர்ஸ் இராஜேஸ்வரியிடம் ஓடினார்.

“அவரே நல்லா இருக்கேன்னு சொல்றாரு. உனக்கென்ன ஜோசியமா?” என்றார் கோயம்புத்தூர்க்காரரான இராஜேஸ்வரி.

“ரெண்டு வருஷமா அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை, அக்கா. இப்பவே வாங்கோ.”

“போன வாரமும் இப்படித்தான் வேற ரூமுக்கு இழுத்துட்டுப் போன. அந்தம்மா ஜாலியா சீட்டு விளையாடிட்டு இருந்தாங்க.”

“இண்டைக்கும் சீட்டு விளையாடினா நல்லதுதானே. வாங்கோ.”

கென் காலுறையைக் கழற்றவிடவில்லை. கடைசியில் கழற்றியபோது குதிகாலில் புண். கணுக்காலுக்கு மேலே சிவந்து கொதித்தது. சனிக்கிழமை பேத்தியின் கல்யாணம். சொன்னால் போகவிட மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கால் தப்புவதே சந்தேகம் என்றார் மருத்துவர். அன்றே மருந்து தொடங்கியது. சனிக்கிழமை சக்கர நாற்காலியில், காலைத் தலையணைமேல் நீட்டியபடி, கோட்டும் டையுமாகக் கென் கல்யாணத்துக்குப் போனார்.

ஆனால் காட்டிக்கொடுத்தவருடன் ஒரு வாரம் பேசவில்லை. “ரீ மட்டும் என்ர கையாலதான் வேணுமாம்,” என்று சிரிக்கிறார் நிரஞ்சினி.

இவரைப் பற்றி எழுதுவதற்காக நான் போயிருந்த காலை, அவர் பின்னால் ஒன்பதாம் அறைக்குள் நுழைந்தேன். நிரஞ்சினி வாய் திறக்குமுன் கென் கையை உயர்த்தித் தடுத்தார். போர்வையை விலக்கினார். காலுறையை உருவிப் போட்டுவிட்டு, வலது காலை நிரஞ்சினியின் பக்கம் நீட்டினார்.