வெள்ளைக்காரன் வாயில் சிவநாமம்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு கடவுள்கள். ஒன்று சிவபெருமான், மற்றது பிரிட்டிஷ் ஆமி. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலையில் வெள்ளைக்காரரின் கடற்படைக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். துவக்கைத் தொட்டது கிடையாது, தொட்டதெல்லாம் டைப்ரைட்டர். ஆனால் எழுபதுகளில் நாங்கள் சிட்னிக்கு வந்து வென்ட்வேர்த்வில்லில் குடியிருந்தபோது அவர் விட்ட கதைகளைக் கேட்டால், ஜப்பான்காரனைத் தனியாளாய் நின்று கலைத்தவர் என்றுதான் நினைப்பீர்கள். "அவங்கட ஆமியிலை ஒழுங்கு எண்டால் ஒழுங்கு. சப்பாத்திலை முகம் பாக்கலாம்" என்பார். மீன்கடையிலும் சொல்லுவார், ரெயினில் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் சொல்லுவார்.

வாய்த்த அயலும் அப்படி. பக்கத்து வீட்டில் இங்கிலாந்திலிருந்து குடிவந்த ஒரு பழைய சார்ஜன்ட். மகாராணியின் பிறந்தநாளுக்கு முற்றத்தில் கொடி ஏற்றுவார். அப்பா இந்தப் பக்கம் வேலியோடு நேராக நிற்பார். எனக்குச் சிரிப்பு வரும், அம்மா கண்ணால் வெருட்டுவா.

அண்ணா என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. பள்ளிக்கூடம் முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பொதுநலவாய நாட்டுப் பிள்ளைகளையும் பிரிட்டிஷ் ஆமி எடுக்கும் என்று சார்ஜன்ட் சொன்னதுதான் தாமதம், அப்பாவுக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. அவுஸ்திரேலியா ஆமியில் சேர்ந்தால் என்ன என்று அம்மா கேட்டா. "இது குட்டி ஆமி. அது தாய் ஆமி" என்றார் அப்பா. அண்ணாவும் ஆசையோடுதான் போனான், அதை மறைக்கக்கூடாது.

பயிற்சி முடிந்து அவன் லீவில் வந்தபோது எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. தோள் அகன்று, கன்னம் ஒட்டி, குசினிக் கதிரையில்கூட முதுகு சாயாமல் இருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அப்பா கேட்டார்: "உன்ர பேரை அவங்களுக்கு வாயிலை நுழையாதே. என்னெண்டு கூப்பிடுறாங்கள்?"

அண்ணா சோற்றைப் பிசைந்தான். பிறகு, "சம்போ எண்டு" என்றான்.

பள்ளிக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னாலும் முகத்துக்கு முன்னாலும் கேட்ட சொல் அது. கறுத்த தோல் உள்ளவனை மனிசனாய் மதிக்காமல் கூப்பிட வெள்ளைக்காரர் வைத்திருக்கிற பட்டம். நாங்கள் வீட்டில் சொல்லாத எத்தனையோ கதைகளில் அதுவும் ஒன்று.

அப்பாவோ கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். "சம்போவோ! சம்போ மகாதேவா! கேட்டியளே? வெள்ளைக்காரன் வாயிலை சிவநாமம்!" கண் கலங்கிவிட்டது மனிசனுக்கு. சோற்றுக் கையோடு சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்று, "என்ர அப்பனே" என்று கும்பிட்டார். அண்ணா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

அதுவரை "தம்பி" என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து "சம்போ" என்றுதான் கூப்பிட்டார். சம்போ, தேத்தண்ணி குடிச்சியே? சம்போ, வெளியிலை வா, சார்ஜன்ட் நிக்கிறார். அந்தாள் அதைக் கேட்டுச் சிவந்துபோய், ரோசாச் செடிக்கு வேண்டாத தண்ணியெல்லாம் ஊற்றினார். அப்பாவுக்கு அதுவும் மரியாதையாய்த்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர் கிரவீனில் ஒரு வீட்டில் கூட்டுப்பிரார்த்தனை. அப்போது கோயில் எங்கே? இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்களும் யாராவது வீட்டு ஹோலில் கூடித்தான் தேவாரம் பாடுவோம். அப்பா அண்ணாவை யூனிபோமில் கூட்டிக்கொண்டு வந்தார். தீபாராதனை முடிந்ததும் எழும்பி நின்று கதையை அவிழ்த்துவிட்டார். சனம் உருகிப்போனது. ஒரு அங்கிள் "சம்போ!" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "மகாதேவா!" என்று சேர்ந்து சொன்னார்கள். எல்லார் முகத்திலும் பெருமை. இந்த நாட்டில் எங்களை நிமிர்ந்து பார்க்க வைக்க ஒரு பிள்ளை வந்துவிட்டான் என்கிற பெருமை. நடுவில் அண்ணா, பித்தளைப் பொத்தான்கள் மின்ன, சிரித்தபடி நின்றான்.

அடுத்த நாள் அவன் பின்முற்றத்தில் சேட்டைக் கழற்றிவிட்டுக் காரைக் கழுவினான். முதுகெல்லாம் கீறல் காய்ந்த தழும்பு. பயிற்சியில் விழுந்தது என்று அம்மாவுக்குச் சொன்னான். அவ போனபிறகு எனக்குச் சொன்னான்: "என்னைப் பிடிச்சுக் குளிக்க வாத்தவங்கள். தரை உரஞ்சிற பிறஸாலை. நிறம் போகுதோ எண்டு பாக்க."

"ஆர்?"

"எங்கட அறைப் பெடியள்தான். எங்களுக்கு மேலை இருக்கிற கோப்பரலும் நிண்டவர், சிரிச்சுக்கொண்டு. புதுசா வாற எல்லாருக்கும் ஏதோ ஒண்டு செய்வினமாம். முறைப்பாடு குடுத்தால் பிறகு ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம்." வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தான். "எனக்குத் திரும்பிப் போக ஏலாது. வீட்டிலை கஸ்ரம், மகன் வேணும் எண்டு அப்பா எழுதிக் கேட்டால் விடுவாங்கள். அவர் கேக்கவேணும்."

"இப்பவே சொல்லு அண்ணா!"

"அந்தச் சொல்லை அவர் சாமியறையிலை வைச்சுச் சொல்லுறார். நான் என்னெண்டு அதைப் பறிக்கிறது?"

அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்ததும் நானே போனேன். முதலில் சார்ஜன்டிடம். நீங்கள் சொன்னால் அப்பா நம்புவார் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது அன்பில் கூப்பிடுவது, பிள்ளை. ஆமி அப்படித்தான். என்னை இதைவிட மோசமாகவும் கூப்பிட்டவர்கள்" என்று இங்கிலீசில் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். பிறகு அப்பாவிடம் போனேன். தழும்பைச் சொன்னேன், சொல்லின் கருத்தையும் பச்சையாய்ச் சொன்னேன், அவனை விடச்சொல்லிக் கடிதம் எழுதுங்கோ என்றும் கேட்டேன்.

"விசர்க் கதை கதையாதை. உரஞ்சாமல் ஆமியிலை பூப்போட்டே வளப்பினம்? சம்போ எண்டால் சிவன். இது தெரியாதே உனக்கு?"

"எங்களுக்குச் சிவன் அப்பா. அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாமலே வாயிலை வருது பார், பிள்ளை. அதுதான் அருள்."

சுவரோடு முட்டினால் சுவராவது கொஞ்சம் உதிரும். அம்மா குசினியில் நின்று எல்லாம் கேட்டவ. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெங்காயத்தை வெட்டினா. அப்பாவை எதிர்த்து ஒரு சொல் அவவுக்கு வராது. எனக்கு வந்தது, ஆனால் எடுபடவில்லை.

லீவு முடிந்தது. எயாப்போட்டில் அண்ணா அம்மாவைக் கட்டிப்பிடித்தான், என் தலையைத் தடவினான், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா அந்தக் கையைக் குலுக்கி, "போட்டு வா ராசா. பேரைக் காப்பாத்து" என்றார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் நடந்தான்.

கொஞ்சத் தூரம் போனதும் அப்பாவுக்குத் தாங்கவில்லை. இன்னொருதரம் அவன் முகத்தைப் பார்க்கவேணும். தன்னிடம் இருந்த பாசத்தையெல்லாம் திரட்டி, எட்டுத் திக்கும் கேட்கக் கத்தினார்:

"சம்போ!"

அண்ணாவின் கையிலிருந்த பை விழுந்தது. குதிகால் இரண்டும் சேர்ந்து டக்கென்று அடித்தது. திரும்பினான். கை விறைத்து, நாடி நிமிர்ந்து, கண் எங்கள் ஒருவரையும் பார்க்காமல் நின்றான். அம்மா கை காட்டினா, நானும் காட்டினேன். அவன் அசையவில்லை.

"பாத்தியே பிள்ளை," என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கூப்பிட்ட உடனை!"