தொட்டியில் புழு கீறிய பாக்கியம்

பாக்கியம் போய்விட்டாள். இன்று விடியற்காலையில், அம்பிட்டியாவில் மகள் வீட்டில்.

தனபாக்கியம் என்பது முழுப்பெயர். கம்பளையில் என்னோடு அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அந்த வகுப்பில் இருந்தவர்களில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான்... இனி நான் மட்டும்.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவளைத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மழையே பெய்யாத வருஷம் அது. மகாவலி ஆங்காங்கே குட்டைகளாகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இங்கிலீஷ் கால்சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. பக்கத்தில் எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ, அங்கிருந்து போத்தலில் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

நானும் பாக்கியமும் கோயிலுக்குப் போனோம். பூசைக்குத் தண்ணீர் எடுக்கும் கல் தொட்டியில்தான் போத்தலை முக்கினோம். வேறு எங்கும் இல்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தால், நாளைக்குச் சிறகு முளைத்துக் கடிக்கப் போகிற குட்டிப் புழுக்கள், தண்ணீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன.

"தலைகீழாத் தொங்கினா அது வேற நுளம்பு. இப்படிப் படுத்துக் கெடக்கிறதுதான் காய்ச்சல் நுளம்பு" என்றார் பரிசோதகர்.

பாக்கியம் அதைப் படமாகக் கீறினாள். கோயில் தொட்டி, ஓரத்தில் நந்தி, தண்ணீரில் விரல் மொத்தத்துக்குப் புழு. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. பரிசோதகர் அதைப் பள்ளிக்கூட வாசலிலேயே மாட்டிவிட்டார்.

மறுநாள் கோயில் தர்மகர்த்தா வந்து நின்றார். பெரிய கடை முதலாளி. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"இம்புட்டுப் பெரிய புழு எங்க தொட்டியில இருக்கா? எங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பெரிய வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "அது கண்ணாடியில தெரிஞ்சத வச்சுப் பெரிசாக்கிக் கீறினதுங்க முதலாளி."

"அப்போ இல்லாதத கீறியிருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

 

படத்தைக் கழற்றி மடைப்பள்ளி அடுப்பில் போட்டார்கள். அன்றைக்குப் பொங்கல் வழக்கம்போல நன்றாகத்தான் இருந்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

அதோடு விட்டார்களா... வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தர்மகர்த்தா தொட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, எல்லோருக்கும் முன்னால் மடக் மடக்கென்று குடித்தார். பின்னாலேயே பாதிக் கடைத்தெரு வரிசையில் நின்று குடித்தது. என் அப்பாவும்தான்.

"குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்க. அதுல பொறக்கிற நுளம்பு கடிச்சாத்தான் காய்ச்சல்" என்று பரிசோதகர் தொண்டை கிழியக் கத்தினார். கூட்டம் சிரித்தது. புழு சாகத் தொட்டியில் ஊற்ற அவர் கொண்டுவந்திருந்த எண்ணெய் டின் கோயில் வாசலோடு திரும்பிப் போனது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுவதையும் கூட்டி எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினார்கள். பாக்கியம் "நான் கீறினது பிழை" என்று சொல்ல வேண்டும். நான் "தண்ணியக் காண்ல அள்ளினோம்" என்று தெருச் சாக்கடை மேல் பழியைப் போட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்புக்குப் போகலாம்.

பாக்கியம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "தொட்டியிலதான் அள்ளினோம் சார். இருந்ததத்தான் கீறினேன்."

நான் "ஆமா சார்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

கோயிலுக்குக் கற்பூரம் கொடுக்கும் கடை எங்களுடையது. அப்பா என்னை அடிக்கக்கூட இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு அஞ்சு போதும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பாக்கியத்தின் வீடு கோயிலுக்கு நேர் பின்னால். அந்த மாதமே அவளுடைய தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நடக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை... போய்விட்டது.

தர்மகர்த்தாவுக்கும் வந்தது. அவருக்குக் கண்டியிலிருந்து காரில் டாக்டர் வந்தார், கொயினா மாத்திரை வந்தது. பிழைத்து எழுந்தார். அதற்குப் பிறகுதான் தொட்டியில் எண்ணெய் ஊற்றினார்கள். ஊருக்குத் தெரியாமல்.

எங்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

என் பேத்தி யூனிவர்சிட்டியில் நுளம்பைப் பற்றித்தான் படிக்கிறாள். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும். போன வருஷம் அவளுடைய புத்தகத்தில் இருந்த நுளம்புப் புழுப் படத்தைப் பாக்கியத்திடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மயிரு கொஞ்சம் கூட இருக்கணும்" என்றாள்.

பிறகு, "அன்னிக்கு நீயாவது காண்ல அள்ளினோம்னு சொல்லியிருக்கலாம் புள்ள. படிச்சிருப்ப" என்றாள்.

"நீ சொன்னியா?"

"இல்ல."

"பெறகென்ன, தேத்தண்ணியக் குடி."

படம் கீறுவதை அவள் கடைசிவரை விடவில்லை, ஊருக்கே அது தெரியும். இன்று காலை அந்தக் கோயில் பேஜில் அவளுக்கு அஞ்சலி போட்டிருக்கிறார்கள். 'எமது ஆலயம் வளர்த்தெடுத்த சித்திரச் செல்வி.' கீழே நூறு பேர் கும்பிட்டிருக்கிறார்கள்.

வளர்த்தெடுத்தார்களாம்.

"அவள் கீறிய படத்தை எரித்தது இந்தக் கோயில்தான்" என்று ஒரே ஒரு வரி கமெண்ட் போட்டேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், காணோம். மறுபடி போட்டேன். இப்போது அந்தப் பேஜே எனக்குத் திறக்கவில்லை.

சரி. இது என்னுடைய பக்கம்.

போய் வா பாக்கியம். நீ கீறினது பிழையில்லை.