கடையில் வாங்கிய மிளகாய்

மழைக்காலம் முடியும் சமயத்தில் என் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்துவிட்டன. யாங்கூனில் எங்கள் வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் மருத்துவமனையிலிருந்து நேராக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் தரைவீட்டில் இருக்கும் அவள் தங்கையிடம் கொண்டுபோய் விட்டேன். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, பாலம் கடந்து, பார்த்துவிட்டு வருவேன்.

பால்கனியில் பெயின்ட் வாளிகளில் அவள் வளர்த்த மூன்று மிளகாய்ச் செடிகள் இருந்தன. இரண்டு வருஷச் செடிகள். "தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்" என்று சொல்லியிருந்தாள்.

அதுதான் என்னால் முடியவில்லை. கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும். வேலை முடிந்து திரும்பினால் குளிக்கவே அரை வாளிதான் மிஞ்சும். மார்கழிக் காற்றில் இலைகள் சுருண்டு உதிர்ந்தன. தை பிறந்தபோது வாளிகளில் வெறும் குச்சிகள்தான் நின்றன.

போனில் கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சந்தைக் கடையில் ஒரு கைப்பிடி மிளகாய் வாங்கிப் போய், "நம்ம செடியில காய்ச்சது" என்று கொடுத்தேன். பிறகு வாராவாரம் வாங்க வேண்டியதாயிற்று.

மாசியில் அவள் ஊன்றுகோலோடு, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் பால்கனிக்குத்தான் போனாள். நான் பின்னால் நின்று, "உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். நம்ம காய் குட்டையா, வானம் பாத்து நிக்கும். நீங்க கொண்டாந்தது பூரா நீட்டுக் காய்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"அவ்வளவு தூரம் பஸ்ல தொங்கிக்கிட்டு வர்றீங்க. வந்ததும் சண்டை எதுக்கு?"

அவள் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்டை நகத்தால சுரண்டிப் பாருங்க" என்றாள். இரண்டு செடிகளில் பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. மூன்றாவது மண்வரைக்கும் காய்ந்திருந்தது.

கத்தரிக்கோலை அவளே கேட்டு வாங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றாள். குச்சிகளைக் கண்டு கலங்காத கண் அப்போது கலங்கியது. "நீங்களே வெட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

நான் நுனியை மட்டும் நறுக்கினேன்.

"தலைமுடியா வெட்டுறீங்க? கீழ வாங்க. இன்னும் கீழ. கணுவுக்குக் கொஞ்சம் மேல."

வெட்டி முடித்தபோது ஒரு சாண் உயரத்தில் கவட்டை மாதிரி இரண்டு கொம்புகள் மிஞ்சின. பாதி செத்ததை நானே முழுதாகக் கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. பழைய மண்ணை உதிர்த்து, வேர் நுனியைக் கத்தரித்து, புது மண் போட வைத்தாள். இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது, துளிர் வரும்வரை கொஞ்சம் தண்ணீர் போதும் என்றாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் தினமும் சுரண்டிப் பார்த்தேன். "சுரண்டியே சாகடிச்சிடாதீங்க" என்று உள்ளிருந்து சத்தம் போட்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு கணுவில் குண்டூசித் தலையளவு பச்சை. அவளைக் கூப்பிட்டேன். ஊன்றுகோலை மறந்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் செடிகள் மொட்டு வைத்தன. "கிள்ளிப் போடுங்க. மொதல்ல செடி தேறட்டும்" என்றாள். மனசில்லாமல் கிள்ளினேன்.

மழை தொடங்கியபோது இரண்டும் காய்த்தன. முதல் காய்களை நாப்பி மீன்விழுதோடு இடித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். அதுவரைக்கும் நான் மூன்றாவது வாளிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தும் கேட்கவில்லை. அன்று சாப்பிட்டுக்கொண்டே, "அது போயிடுச்சுங்க. விட்டுடுங்க" என்றாள்.

மறுநாள் காலை பிடுங்கினேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.