கல்லறைப் பொம்மைகளும் அம்மாவின் முழுக்கும்

மஞ்சள் கரைத்த சுடுதண்ணீரின் வாசம் வந்தாலே எனக்கு இன்றும் சீனத்துக் களிமண் பொம்மைகள்தான் நினைவுக்கு வருகின்றன. நாங்கள் லண்டனில் டூட்டிங் பகுதியில் இருந்த காலத்தில் அப்பா நகரின் நடுவே ஓர் அருங்காட்சியகத்தில் சீனக் கூடத்துக் காவலாளி. வேலையில்லாத ஞாயிறுகளிலும் என்னை அங்கேதான் கூட்டிப் போவார். கடிவாளம் எப்போதோ உக்கிப்போக, வெறும் காற்றை இறுகப் பிடித்தபடி அங்கே ஒரு களிமண் குதிரைக்காரன் நின்றான். இறந்தவர்களுக்குத் துணையாகக் கல்லறைக்குள் வைத்த பொம்மை அது என்று அப்பா ஒருநாள் வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றே எங்களுக்குச் சனி பிடித்தது. "செத்தவீட்டுச் சாமானோட நிண்டுபோட்டு அப்பிடியே உள்ளுக்கை வரக்கூடாது, முழுகு!" என்று சாவுத் தீட்டான "துடக்கு" சொல்லி அம்மா வாசலிலேயே மறித்துவிடுவார். மார்கழிக் குளிரிலும் அப்பாவும் நானும் ஒருவர் பின் ஒருவராக மஞ்சள் தண்ணீரில் முழுகினோம்.

இலங்கையில் போர் முடிந்த வருடம், வன்னியில் இருந்த சின்னமாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஷெல் விழுந்து செத்துப்போனார் என்று அகதி முகாமிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார். உடலை எடுக்க முடியவில்லையாம். சாவுச்செய்தி கேட்டால் முழுக வேண்டும்; அதில் அம்மாவைவிடக் கண்டிப்பான ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அவர் குளியலறைப் பக்கமே போகவில்லை.

"ஆர் கண்டது? உடம்பைக் காட்டட்டும், முழுகிறன்."

மாமாவின் படத்துக்கு மாலை இல்லை, சடங்கு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையோடு அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தார். சாப்பாடும் இறங்கவில்லை. மாமாவோடு சேர்த்து அம்மாவையும் இழந்துவிடுவோம் என்று நான் பயந்தேன்.

ஒரு ஞாயிறு, நாங்கள் புறப்படும்போது, "நானும் வாறன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். வெட்டி எடுத்த கல் தலைகள் உடலில்லாமல் வரிசையாக இருந்த இடத்தை முகம் திருப்பிக் கடந்து, குதிரைக்காரன் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"செத்தவனுக்கு மண்ணிலை ஒரு ஆளைச் செய்தெண்டாலும் துணைக்கு வைச்சிருக்கினம். என்ரை தம்பிக்கு ஒரு பிடி மண் போட ஆளில்லை."

வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கும் மேலாக அழுகை கேட்டது. ஈரத்தலையோடு வெளியே வந்தவர் எங்களைப் பார்க்காமல், "மியூசியத்துக்குப் போட்டு வந்தனான், அதுதான் முழுகினனான்" என்றார். அப்பா மாமாவின் படத்தைத் துடைத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

இப்போது அம்மா இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். மாமாவின் உடல் கிடைக்கவேயில்லை. அண்மையில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். குதிரைக்காரனையும் கிடங்குக்குள் போட்டுவிட்டார்களாம். என் வீட்டுக்குத் திரும்பி, மறிக்க ஆளில்லாத வாசலில் சற்று நின்றுவிட்டு, நேரே போய் முழுகினேன்.