பதினோரு முறை விழுந்தவள்

பள்ளியில் எல்லோருக்கும் அவள் பஞ்சக்கா. முதலுதவி அறையில் பத்தொன்பது வருடங்களாகப் பஞ்சும் மருந்துமாக இருப்பவள். அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டில், ஒரு பீரோ, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை. அந்தக் கூரையில் இடித்துக்கொண்டு மருந்து போட்டுக்கொண்ட ஆசிரியர்கள் மட்டும் நான்கு பேர்.

பஞ்சக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் அவள் கணவர், "உனக்கும் ஒரு சைலன்சர் மாட்டணும்டி" என்பார். "மாட்டுங்க, புகை உங்க பக்கமே வரும்" என்பாள்.

வேலையில் சுத்தம். ஒரே ஒரு குறை, அடிபட்டு வருபவர்களைப் பதியும் நோட்டில் "எப்படி அடிபட்டது" என்ற கட்டம். அதில் வேறு எதை எழுதினாலும் தலைமையாசிரியை கூட்டம் போடுவார், விளக்கம் கேட்பார். அதனால் மூக்கோ முழங்கையோ, எல்லாவற்றுக்கும் "கீழே விழுந்தது" என்றே எழுதிவிடுவாள். அந்த நோட்டை நம்பினால், பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் நடக்கத் தெரியாது.

அந்த வருடம் பள்ளியில் அன்புத் திட்டம் வந்தது. வகுப்புக்கு ஓர் அன்புத் தோழி, சட்டையில் மஞ்சள் பேட்ஜ். அடிபட்டவரை முதலுதவிக்கு அழைத்து வந்தால் ஐந்து புள்ளி. ஆறாம் வகுப்பின் அன்புத் தோழி, சக மாணவி ஒருத்தியையே திரும்பத் திரும்ப அழைத்து வந்தாள். சின்ன உருவம். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் "தடுக்கி".

"அக்கா, தடுக்கி மறுபடி விழுந்துட்டா. பாவம்க்கா, தரையைப் பாத்தே நடக்க மாட்டா."

தடுக்கி ஒன்றும் சொல்லமாட்டாள். பஞ்சக்கா மருந்து போட்டு, "கீழே விழுந்தது" என்று எழுதி, புள்ளிச் சீட்டில் கையெழுத்திட்டு அனுப்புவாள். மூன்று மாதத்தில் பதினோரு முறை.

நோட்டைப் புரட்டிய தலைமையாசிரியைக்குச் சந்தேகம் வந்தது, வேறு திசையில். தையல் கடையில் வேலை செய்யும் தடுக்கியின் அம்மாவை வரவழைத்தார். மகளும் நின்றாள். பஞ்சக்கா நோட்டோடு போனாள்.

"உங்க பொண்ணுக்கு ஏதோ தலைசுத்தல் இருக்கும்மா. டாக்டர் சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும். மாடிப்படியெல்லாம் இருக்கு, நாளைக்கு எதாவது ஆயிட்டா?"

அம்மாவின் முகம் வெளுத்தது. தான் எழுதிய இரண்டு சொல் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தப் போகிறது என்பது பஞ்சக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேடம், நான் எழுதுனது பொய்."

"என்னது?"

"விழுந்தா முட்டி தேயும். இவ கையில நாலு நகக்கீறல் இருந்துச்சு. தரைக்கு எங்க மேடம் நகம் இருக்கு? நீங்க மீட்டிங் போடுவீங்கன்னு பயந்து விழுந்துச்சுன்னு எழுதிட்டேன்."

"அழைத்து வந்தவர்" என்ற கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். தடுக்கிக்கு எழுதிய பதினோரு வரியிலும் ஒரே பெயர்.

"அந்தப் பிள்ளையா? வாசல்ல சிறந்த அன்புத் தோழின்னு அவ போட்டோவே மாட்டியிருக்கோமே!"

"ஒரு ஆணிதானே மேடம், நானே புடுங்கிடறேன்."

அம்மா மகளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"யார்கிட்ட வேணா சொல்லு, நோட்டுல நீயா விழுந்தேன்னுதான் இருக்குன்னு அவ சொன்னாம்மா."

பஞ்சக்கா நோட்டை மூடிவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னுதும்மா, மன்னிச்சுக்கோ" என்றாள். பிள்ளை தலையாட்டினாள்.

அன்புத் தோழியைக் கூப்பிட்டார்கள். முதலில் மறுத்தாள். நகத்தைக் காட்டச் சொன்னதும் அழுதாள். புள்ளி குறைந்தால் கையைக் கீறுவாளாம், இல்லையென்றால் தள்ளிவிடுவாளாம், பிறகு தூக்கிவிட்டு முதலுதவிக்குக் கூட்டி வருவாளாம். பேட்ஜ் கழன்றது, பெற்றோருக்குத் தகவல் போனது. தலைமையாசிரியைக்குத் திட்டத்தை எப்படியாவது காப்பாற்றும் ஆசை.

"சரி, ரெண்டு பேரும் கை குடுங்க. மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா."

பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாட்டேன் மிஸ்."

"எல்லார்கிட்டயும் அன்பா இருக்கணும்ல?"

"முதல்ல அவ இருக்கட்டும்."

"விடுங்க மேடம், அது அவ கை" என்றாள் பஞ்சக்கா.

தலைமையாசிரியை சர்ட்டிபிகேட் கேட்டு எழுதியிருந்த கடிதத்தை நான்காகக் கிழித்தார். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். கணக்குப் பாடம் தொடங்கி ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"என்ன பிள்ளைம்மா இது! நானா இருந்தா கணக்குக்குத் தப்பிச்சு, பெல் அடிக்கிற வரைக்கும் இங்கயே உக்காந்து அழுதிருப்பேன்" என்றாள் பஞ்சக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம்.