பின்கட்டுக் குழாய்

நம் மாதா கோயில்காரர்கள் வீடு என்ற ஒரே தைரியத்தில்தான் அந்தப் பின்கட்டுக்குக் குடிபோனோம். எண்பதுகளின் தொடக்கம். என் கணவருக்குத் தருமபுரிக்கு மாற்றல் வந்திருந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். பழைய வீடு, மழை வந்தால் ஓடு ஒழுகும். அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குடிக்கத் தண்ணீர் எப்படி?

"ரெண்டு கட்டுக்கும் ஒரே டேங்க்குதாங்க. நாங்க குடிக்கிறதத்தான் நீங்களும் குடிக்கப் போறீங்க" என்றார்.

பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்துவிட்டுப் போனதும், பால் காய்ச்சுவதற்குத் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு குடம் வீட்டுக்கார அம்மாவே இடுப்பில் சுமந்துவந்து கொடுத்தார். புதுக் குடித்தனத்துக்கு வீட்டுக்காரர் கையால் முதல் குடம் தருவது அவர்கள் வழக்கமாம். எனக்கு மனசே குளிர்ந்துபோயிற்று. மறுநாள் எங்கள் குழாயில் வந்த தண்ணீர் கொஞ்சம் கரித்தது. "பைப்பு பழசுங்க, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். நம்பினேன்.

மகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது முன்பற்கள் பழுப்புப் பழுப்பாகக் கோடு விழுந்து வந்தன. "புள்ள ஒழுங்கா தேய்க்கறதில்லீங்க" என்று முதலில் சொன்னவர் அவர்தான். அடுப்புக்கரியும் உப்பும் இடித்துத் தந்தவரும் அவர்தான். தினம் காலையில் அதைப் போட்டுத் தேய்ப்பேன். ஈறில் ரத்தம் வரும், பிள்ளை அலறும். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று வெள்ளைக் கவுனில் எடுத்த போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள்.

அந்தக் கோடையில் பொம்மிடியிலிருந்து அவருடைய பேத்தி வந்திருந்தாள். சின்னக் குழந்தை. விளையாடிக்கொண்டே பின்கட்டுக்கு வந்து தாகம் என்றது. என் மகள் எங்கள் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினாள். அந்த அம்மா ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே! வந்த வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"அந்தக் கொழாத் தண்ணியக் குடிக்காத கண்ணு! போர் தண்ணி, பல்லெல்லாம் காவியேறிப் பூடும்!"

தண்ணீர் என் மகளின் காலில் கொட்டியது. அதற்குப் பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார்.

"ஒரே டேங்க்குன்னீங்களேக்கா?"

"முனிசிபாலிட்டித் தண்ணி எங்களுக்கே பத்தறதில்ல. பின்கட்டுக்கு போர் தண்ணியத்தான் வுட்டிருக்கோம்." பிறகு என்னவோ நான்தான் தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி, "சொல்லியிருந்தா நீங்க குடி வந்திருப்பீங்களா?" என்றார்.

அடிப்பாவி! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்தவள். என்ன தேய்த்தாலும் போகாது என்று தெரிந்துகொண்டே கரி இடித்துக் கொடுத்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல் முளைக்கும் முன்பே உள்ளே ஏறிய கறை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

வேறு வீடு பார்த்தோம். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே புதுக் குடித்தனம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. முன்கட்டிலிருந்து அந்த அம்மா குடத்தோடு இறங்கி வந்தார். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள், பேசும்போதுகூடக் கையால் வாயை மறைக்கும் என் மகள் அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். உதட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கொழாத் தண்ணி குடிச்சா பாப்பாவுக்கு இப்பிடித்தாங்க ஆவும்."

"ஐயோ கண்ணு, நல்லாத் தேச்சாப் போயிடாதா?" என்றாள் அந்தப் பெண்.

"போவாதுங்க. பெரியம்மாவ வேணா கேளுங்க, அவங்களுக்கு அப்பவே தெரியும்."